ஜெனோவா பழைய துறைமுகம்: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைச் சும்மா பார்க்கலாம்

இத்தாலிக்குப் போகிறவர்கள் ரோம், வெனிஸ், ஃபுளோரன்ஸ், மிலான் என்று நாலு ஊரோடு முடித்துக்கொள்கிறார்கள். ஜெனோவாவுக்கு வருகிறவர்களில் பலர் சொகுசுக் கப்பலில் வந்து அரை நாள் இறங்கி ஏறுகிறவர்கள். அந்த அரை நாளில் எல்லோரும் போவது ஒரே இடம்தான், போர்த்தோ அந்திக்கோ என்கிற பழைய துறைமுகம். அங்கே போய் நின்றால் திரும்பின பக்கமெல்லாம் டிக்கெட் கவுண்டர். எதை வாங்குவது, எதை விடுவது என்று தெரியாமல் காசைக் கொட்டிவிட்டு "அந்த ஊர்ல ஒண்ணுமில்லப்பா" என்று வந்து சொல்கிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே இலவசமாகக் கிடைப்பதுதான் உசத்தி. காசு கொடுத்தாவது பார்த்தே ஆகவேண்டியது ஒன்றுதான், கலாத்தா கடல் அருங்காட்சியகம். மற்றதெல்லாம் உங்கள் பர்ஸையும் கூட வரும் பிள்ளைகளின் பிடிவாதத்தையும் பொறுத்தது.

கொஞ்சம் பின்கதை தெரிந்தால்தான் அந்த இடத்தின் அருமை புரியும். ஜெனோவா பல நூற்றாண்டுகளாகக் கடல் வணிகத்திலேயே வாழ்ந்த ஊர். ஆனால் நவீன காலத்தில் ஊர்க்காரர்களால் துறைமுகத்துக்குள் நினைத்தபோது போக முடியாமல் இருந்தது. சுங்க வேலி, கிடங்குகள், காவல், எல்லாம் நடுவில். பெரிய கன்டெய்னர் கப்பல்கள் மேற்கே புதிய துறைகளுக்குப் போய்விட்டதும் பழைய வளைகுடாவில் கிடங்குகள் மட்டும் பூட்டிக் கிடந்தன. 1992இல் கொலம்பஸ் பயணத்தின் 500ஆவது ஆண்டு வந்தது. அவர் இந்த ஊர்க்காரர் என்பதால் இங்கே ஒரு சர்வதேசக் கண்காட்சி வைத்தார்கள் (இந்தியாவுக்கு வழி தேடிக் கிளம்பி வேறெங்கோ போய் இறங்கிய மனிதருக்கு இவ்வளவு பெரிய விழாவா என்று நமக்குச் சிரிப்பு வரத்தான் செய்கிறது). இடத்தைச் சீரமைக்கும் வேலை கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோவுக்குப் போனது. அவரும் ஜெனோவாவில் பிறந்தவர்தான். மூன்று மாதத்துக் கண்காட்சிக்காகப் பந்தல் போட்டுப் பிறகு பிரித்துக்கொண்டு போகிற வேலையாக அதை அவர் செய்யவில்லை. பழைய கிடங்குகளை இடிக்காமல் வைத்துக்கொண்டார், ஊருக்கும் தண்ணீருக்கும் நடுவில் இருந்த தடுப்பை எடுத்தார், நடக்க இடம் விட்டார். கண்காட்சி முடிந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் சாயங்காலமானால் ஊர் ஜனம் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு அங்கேதான் வருகிறது. சுற்றுலாக்காரர்களுக்கு மட்டும் கட்டிய கடற்கரைகளில் இதைப் பார்க்க முடியாது.

மெட்ரோவில் வந்தால் சான் ஜார்ஜோ நிலையத்தில் இறங்குங்கள், வெளியே வந்தால் எதிரே துறைமுகம். பிரின்சிப்பே ரயில் நிலையத்திலிருந்து நடந்தும் வந்துவிடலாம், பெட்டி இல்லையென்றால். வந்ததும் முதலில் கண்ணில் படுவது கடல் இல்லை, தலைக்கு மேலே ஓடுகிற ஒரு கான்கிரீட் மேம்பாலச் சாலை. 1965இல் கட்டியது. சோப்ரயெலவாத்தா என்கிறார்கள். ஊரின் முகத்துக்குக் குறுக்கே கோடு கிழித்த மாதிரி கரையோரம் முழுக்க ஓடுகிறது. பியானோவால் வேலியை எடுக்க முடிந்தது, இதை எடுக்க முடியவில்லை. இடிக்கவேண்டும் என்று ஒரு கட்சி, போக்குவரத்துக்கு என்ன செய்வாய் என்று ஒரு கட்சி, விவகாரம் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டிருக்கிறது. இப்போது துறைமுகத்துக்கு அடியில் சுரங்கச் சாலை போடும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பாலம் பிடிக்கவில்லை. ஆனால் டாக்ஸியில் அதன் மேல் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் கப்பல்களும் மறு பக்கம் பழைய வீடுகளின் மூன்றாவது மாடி ஜன்னல்களுமாக ஊர் முழுவதும் கண்ணுக்கு நேராக வருகிறது. அதற்கு எந்தக் கவுண்டரிலும் டிக்கெட் கிடையாது.

பாலத்தை ஒட்டினாற்போல் நிற்கிற வண்ணம் பூசிய கட்டடம் பலாத்சோ சான் ஜார்ஜோ. தள்ளி நின்று பார்த்தால் சுவர் முழுக்கச் சிலைகளும் தூண்களும் இருப்பதாகத் தோன்றும். பக்கத்தில் போனால் பாதிக்கு மேல் வெறும் ஓவியம், நிழலைக்கூடத் தீட்டி வைத்திருக்கிறார்கள். பின்பக்கத்துப் பகுதி 1260இல் கட்டியது, கடலைப் பார்த்த பகுதி பிறகு சேர்ந்தது. மார்க்கோ போலோ வெனிஸுக்கும் ஜெனோவாவுக்கும் நடந்த கடற்போரில் பிடிபட்டு இந்த ஊரில்தான் சிறையிருந்தார். 1298ஐ ஒட்டி, கூட இருந்த கைதியான பீசா நகரத்து ருஸ்திக்கெல்லோவிடம் தன் பயணக் கதையைச் சொல்லி எழுதவைத்தார். அந்தச் சிறை இந்தக் கட்டடம்தான் என்பது ஊர்ப் பேச்சு. பாண்டிய நாட்டுக் காயல் துறைமுகத்தையும், அங்கே கப்பலில் வந்து இறங்கிய குதிரைகளையும், முத்துக் குளித்தவர்களையும் பற்றி அவர் சொன்னது அந்தக் கதையில்தான். காயல்பட்டினத்துக்காரர்கள் யாராவது போனால் இங்கே நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம், உரிமை இருக்கிறது. உள்ளே துறைமுக நிர்வாக அலுவலகம். நினைத்தபோது நுழைய முடியாது, வெளியே பார்த்தாலே போதும்.

இனி அக்வேரியம். எல்லோரும் கேட்பது இதைத்தான். 1992 கண்காட்சிக்காகக் கட்டியது, ஐரோப்பாவில் மிகப் பெரியவற்றில் ஒன்று, எழுபது தொட்டிகளை ஒட்டி இருக்கும். பெரியவர் ஒருவருக்கு டிக்கெட் முப்பது யூரோவைச் சுற்றி வருகிறது. நாலு பேர் குடும்பமென்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். என் அத்தை கவுண்டரில் விலைப் பலகையைப் பார்த்துவிட்டு, "இத்தனை காசுக்கு மீனை வாங்கிக் குழம்பே வச்சிருக்கலாமே, மாப்பிள்ளே" என்றார், பின்னால் வரிசையில் யாருக்கும் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று. உள்ளே போனதும் அவர்தான் நகர மறுத்தார். இழுதுமீன்களுக்கென்று ஒரு இருட்டு அறை. விளக்கு வெளிச்சத்தில் அவை சுருங்கி விரிவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், பேச்சு தானாகக் குறைந்துவிடுகிறது. மனாட்டி இருக்கிறது, நம் மன்னார் வளைகுடாக் கடற்பசுவின் உறவுக்காரி. சுறா, பெங்குவின், சீல் எல்லாம் உண்டு. டால்பின்களுக்கு 2013இல் பியானோவே தனிப் பகுதி வடிவமைத்துக் கொடுத்தார். தொட்டி பெரியதுதான், ஆனாலும் அவ்வளவு பெரிய பிராணி சுற்றிச் சுற்றி வருவதைப் பார்க்க எனக்கு மனசு ஒப்பவில்லை, சீக்கிரம் நகர்ந்துவிட்டேன். பிள்ளைகள் இருந்தால் போங்கள், அவர்களுக்குக் கொண்டாட்டம். பெரியவர்கள் மட்டும் என்றால் நான் இதை விட்டுவிடுவேன். போவதாக இருந்தால் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துக்கொள்ளுங்கள், திறந்த கையோடு போய்விடுங்கள். ஞாயிறு மத்தியானமும் மழை நாளும் போனால் மீனைவிட மண்டைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள்.

பக்கத்தில் பீகோ நிற்கிறது. பழைய சரக்குக் கப்பல்களின் பாரந்தூக்கி மாதிரி வெள்ளைக் கைகளை நாலா பக்கமும் நீட்டிக்கொண்டு. அதில் ஒரு கையில் வட்டமான லிஃப்ட் தொங்குகிறது, 40 மீட்டர் மேலே தூக்கிச் சுற்றிக் காட்டி இறக்கிவிடுவார்கள். இன்னும் சில கைகள் கீழே இருக்கும் துணிக் கூரையைத் தூக்கிப் பிடித்திருக்கின்றன. கீழிருந்து பார்க்க அருமையான பொருள், ஏறிப் பார்க்க அவசியமில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். அதற்கு அந்தப் பக்கம் தண்ணீர் மேல் ஒரு கண்ணாடி உருண்டை, 20 மீட்டர் விட்டம், உள்ளே வெப்பமண்டலக் காடு. இதுவும் பியானோ, 2001. வாழை, பெரணி, ஈரப் புழுக்கம். நம்மவர்களுக்கு இதற்குத் தனியாகக் காசா? வெளியிலிருந்தே எல்லாம் தெரிகிறது, மேலே நடங்கள். வழியில் தங்கப்பூச்சும் பூத உருவங்களுமாக ஒரு கடற்கொள்ளையர் கப்பல் நிற்கும். நானூறு வருஷத்துக் கப்பல் என்று யாராவது கதை விட்டால் நம்பவேண்டாம், 1980களில் சினிமாவுக்காகச் செய்தது.

இப்போது கலாத்தாவுக்கு வருகிறேன். அக்வேரியத்திலிருந்து மேற்கே தார்சேனா பக்கம் கொஞ்ச தூரம் நடக்கவேண்டும். ஜெனோவா தனிக் குடியரசாக இருந்த காலத்தில் போர்க்கப்பல்கள் கட்டிய இடம் அது. பழைய கட்டடத்தைச் சுற்றிக் கண்ணாடி போர்த்தி 2004இல் திறந்தார்கள், வடிவமைத்தவர் ஸ்பெயின்காரர் கில்லெர்மோ வாஸ்கெஸ் கொன்சுவேக்ரா. கீழ்த்தளத்தில் 17ஆம் நூற்றாண்டுத் துடுப்புப் போர்க்கப்பல் ஒன்றை முழு அளவில் மரத்தில் கட்டி நிறுத்தியிருக்கிறார்கள். துடுப்பு வரிசையின் பக்கத்தில் நின்று பாருங்கள். ஒரு துடுப்புக்குப் பல பேர், காலில் சங்கிலி, உட்கார்ந்த இடத்திலேயே சாப்பாடும் தூக்கமும் மற்றதும். தண்டனைக் கைதிகள் ஒரு பக்கம், போரிலும் கடல் கொள்ளையிலும் பிடித்துவந்த அடிமைகள் ஒரு பக்கம், கடனை அடைக்க வழியில்லாமல் தாங்களாகவே வந்து துடுப்பைப் பிடித்தவர்கள் ஒரு பக்கம். அந்த மூன்றாவது வகையைப் படித்ததும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டேன். மேலே வழுவழுவென்று பளபளக்கும் படகுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை இங்கே ஒரு பத்து நிமிஷம் நிறுத்தவேண்டும்.

மேல்தளத்தில் குடிபெயர்ந்தவர்கள் பகுதி இருக்கிறது, 2011இல் சேர்த்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து லட்சக்கணக்கான இத்தாலியர்கள் பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் நியூயார்க்குக்கும் கப்பலேறியது இந்தத் துறைமுகத்திலிருந்துதான். கப்பலின் மூன்றாம் வகுப்பு அறையை அப்படியே கட்டி வைத்திருக்கிறார்கள். அடுக்கடுக்காக மரப் படுக்கை, ஆண்களுக்குத் தனி, பெண்களும் குழந்தைகளும் தனி. பிறகு நியூயார்க்கில் குடியேற வந்தவர்களை விசாரித்த எல்லிஸ் தீவின் மேசை, எதிரே உட்கார்ந்தால் திரையில் அதிகாரி கேள்வி கேட்பார். இதையெல்லாம் தாண்டினால் கடைசியில் இன்றைக்கு இத்தாலிக்கு வருகிறவர்களின் கதை, லம்பெதூசா தீவுக்கு ஆட்களை ஏற்றி வந்த ஒரு படகோடு. உங்களைத் திட்டவோ உருகவைக்கவோ பெரிதாக எதையும் எழுதி ஒட்டவில்லை. அந்தப் படுக்கைக்குப் பின்னால் இந்தப் படகு, அவ்வளவுதான். வெளிநாட்டில் வேரூன்றிய நம்மவர்கள் யாரும் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்துவிட முடியாது என்று நினைக்கிறேன். அப்புறம் மறக்காமல் மொட்டை மாடிக்கு ஏறுங்கள், மொத்தத் துறைமுகமும் தெரியும்.

வெளியே தண்ணீரில் நிற்கும் நீர்மூழ்கிக் கப்பலின் பெயர் நாசாரியோ சௌரோ. 1976இல் தண்ணீரில் இறக்கியது, 2002 வரை கடற்படையில் இருந்தது, 2010 முதல் பொதுமக்களுக்குத் திறந்திருக்கிறார்கள். தலையில் மாட்டிக்கொள்ள ஹெல்மெட் கொடுப்பார்கள். வேடிக்கைக்கு இல்லை, உள்ளே குனிந்து நுழையும்போது ஒரு முறையாவது டங்கென்று இடிக்கும். 64 மீட்டர் நீளம் என்று கேட்டால் பெரியதாகத் தோன்றுகிறது, ஆனால் இயந்திரமும் மின்கலமும் போக மனிதனுக்கு மிச்சம் விட்டது ஒரு ஒடுங்கிய நடைபாதை. அதில் ஐம்பது பேரை ஒட்டி வாழ்ந்திருக்கிறார்கள். படுக்கை பக்கத்தில் சமையலறை, சமையலறை என்றால் ஒரு ஆள் திரும்ப இடமிருக்கும் இடுக்கு. முன்கோடியில் ஆறு டார்பிடோ குழாய்களின் வட்ட மூடிகள், பித்தளை எல்லாம் கை பட்டுப் பட்டு மின்னுகிறது. படிக்கட்டு செங்குத்து, கதவு வட்டம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் மூச்சுமுட்டும் பயம் உள்ளவர்களுக்கும் இது வேண்டாம். அத்தையைக் கரையில் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுத்தான் நாங்கள் இறங்கினோம். அருங்காட்சியகத்துக்கு மட்டும் டிக்கெட், நீர்மூழ்கியோடு சேர்த்து டிக்கெட், அக்வேரியத்தோடு சேர்த்து டிக்கெட் என்று பல வகை. அவசரப்பட்டுப் பெரிய தொகுப்பை வாங்காதீர்கள், ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கக் கால் ஒத்துழைக்காது. அருங்காட்சியகமும் நீர்மூழ்கியும் சேர்ந்தது போதும், மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

இலவசப் பகுதி என்று சொன்னேன் இல்லையா, அது எதிர்த் திசையில். பழைய பருத்திக் கிடங்கு, மகத்சீனி தெல் கொத்தோனே, ஏறக்குறைய 400 மீட்டர் நீளத்துக்குக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது உள்ளே மாநாட்டு அரங்கம், சினிமா, கடைகள். அதை ஒட்டியே தண்ணீரோரமாக நுனி வரைக்கும் நடக்கலாம், பழைய பாரந்தூக்கிகளை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் உல்லாசப் படகுகள், எதிரே சார்தீனியா போகும் பெரிய ஃபெர்ரிகள், அதற்கும் அப்பால் லந்தேர்னா கலங்கரை விளக்கம், 1543இல் கட்டியது, இன்றைக்கும் எரிகிறது. வேலை செய்கிற துறைமுகம் கண்ணுக்கு எதிரே இருப்பதுதான் இந்த இடத்தை மற்ற அலங்காரக் கரைகளிலிருந்து பிரிக்கிறது. டீசல் வாசனையும் கப்பல் ஊதலும் உண்டு, சுத்தமாகக் கழுவி வைத்த பொம்மைத் துறைமுகம் இல்லை. ஆனால் கோடையில் பகல் பன்னிரண்டு மணிக்கு இந்த நடையை வைத்துக்கொள்ளாதீர்கள். பனை மரங்கள் வரிசையாக நிற்கின்றன, நிழலுக்கு ஒன்றும் உதவாது. இது பியானோவிடம் நான் கேட்க நினைக்கும் கேள்வி.

சாப்பாடு. தண்ணீரைப் பார்த்த மேசைகளில் உட்காராதீர்கள், இதைத் தடித்த எழுத்தில் படியுங்கள். ஒரு கடையில் பெஸ்தோ பாஸ்தா கேட்டோம். வந்தது சூடுபடுத்திக் கறுத்துப்போன பச்சைக் குழம்பு. துளசி இனத்து இலையை அரைத்துச் செய்வது அது, அடுப்பில் காட்டினால் நிறமும் மணமும் செத்துப் போகும், சூடான பாஸ்தாவில் கலக்கிறபோது வரும் சூடு மட்டும் போதும். பில்லில் உட்கார்ந்ததற்குத் தலைக்கு இவ்வளவு என்று தனியாக வேறு. அந்தக் கட்டணம் இத்தாலி முழுக்க வழக்கம்தான், ஆனால் அந்தப் பாஸ்தாவுக்கு அதையும் சேர்த்துக் கொடுத்தது வயிற்றெரிச்சல். சாலையைக் கடந்து சோத்தோரீபாவுக்குப் போங்கள். பழைய வீடுகளுக்குக் கீழே வளைவு வளைவாக ஓடும் இருட்டு நடைபாதை, அதில்தான் பொரிப்புக் கடைகள். நெத்திலியும் கணவாயும் பொரித்துத் தாளில் கட்டித் தருவார்கள், நின்றுகொண்டே சாப்பிடவேண்டியதுதான். சைவக்காரர்களுக்கு ஃபாரினாத்தா. கொண்டைக்கடலை மாவு, தண்ணீர், ஆலிவ் எண்ணெய், உப்பு, வேறொன்றும் கிடையாது. அகலமான செம்புத் தட்டில் மெல்லியதாக ஊற்றி அடுப்பின் கொடும் சூட்டில் வைத்து எடுப்பார்கள், மேலே மொறுமொறு, உள்ளே இளகல், பஜ்ஜி மாவு தோசையாகப் பிறந்த மாதிரி. மிளகுப்பொடி கேட்டுத் தூவிக்கொள்ளுங்கள். தட்டு வெளியே வரும் நேரம் பார்த்து வாங்கினால்தான் ருசி, ஆறினால் அட்டை. இது போதாதென்றால் அதே மாவில் பொரித்த பனீசா இருக்கிறது. ஒரு எச்சரிக்கை, பெஸ்தோவில் சீஸ் உண்டு, பால் சேர்க்காதவர்கள் கேட்டு வாங்குங்கள்.

சோத்தோரீபாவிலிருந்து மேலே ஏறினால் சந்துகள், கொஞ்ச தூரத்தில் சான் லொரென்சோ பேராலயம். உள்ளே ஒரு பீரங்கிக் குண்டை வைத்திருக்கிறார்கள். 1941 பிப்ரவரி 9ஆம் தேதி பிரிட்டிஷ் கடற்படை ஊரைச் சுட்டபோது சுவரைத் துளைத்து வந்து விழுந்து வெடிக்காமல் போனது. சுட்ட கப்பலின் பெயர் 'மலாயா'. மலாய் மாநிலங்களின் கஜானாவிலிருந்து பணம் கொடுத்துக் கட்டிய போர்க்கப்பல் அது, அந்தக் கஜானாவுக்கு ரப்பர்த் தோட்டங்களிலிருந்தும் பணம் போனது, அந்தத் தோட்டங்களில் வேலை செய்தது யார் என்று நமக்குத் தெரியும். மலேசியாவிலிருந்து படிக்கிறவர்கள் இதற்காகவே ஒரு நடை போய் வரலாம்.

பீகோ வேண்டாம் என்றதற்குக் காரணம் கஸ்தெல்லெத்தோ என்கிற மேட்டுப் பகுதி. போர்த்தெல்லோ சதுக்கத்திலிருந்து ஒரு பழைய லிஃப்ட் மேலே தூக்கிக்கொண்டு போகிறது. ஊர் பஸ் மாதிரி ஜனங்கள் தினமும் காய்கறிப் பையோடு ஏறி இறங்குகிற லிஃப்ட். மேலே விட்டதும் திடலின் கைப்பிடிச் சுவர், கீழே சிலேட்டுப் பலகை வேய்ந்த சாம்பல் நிறக் கூரைகள், அதற்கப்பால் நீங்கள் காலையில் நடந்த துறைமுகம் முழுசும், பீகோவும் சேர்த்து. சாயங்காலம் போங்கள்.

மிச்சம் இருக்கிற சில்லறை விஷயங்கள். சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் துறைமுகத் தளத்தில் சுலபமாக ஓடும், ஆனால் எதிரே பழைய ஊர்ச் சந்துகளில் கல் தரையும் படியும்தான், திட்டம் போடும்போது கணக்கில் வையுங்கள். துறைமுகம் இரவிலும் கலகலப்பாக இருக்கிறது. பிரின்சிப்பே பக்கம் ஓடும் பிரே தெருவிலும் அதன் கிளைச் சந்துகளிலும் இருட்டிய பிறகு நான் குடும்பத்தோடு போகமாட்டேன், மெட்ரோ பிடித்துவிடுவேன். கூட்டத்தில் பையை முன்பக்கம் போட்டுக்கொள்ளுங்கள். மழைக் காலம் அக்டோபர், நவம்பர், கொட்டினால் கொட்டித் தீர்க்கும், அப்போது அருங்காட்சியகத்துக்குப் போகிற நாளாக வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது நாள் கையில் இருந்தால் அதைத் துறைமுகத்திலேயே செலவழிக்காதீர்கள். அக்வேரியம் பக்கத்துப் படகுத் துறையிலிருந்து பருவ காலத்தில் கமோலிக்கும் சான் ஃப்ரூத்துவோசோவுக்கும் போர்த்தோஃபினோவுக்கும் படகு விடுகிறார்கள். கடைசிப் படகு எத்தனை மணிக்குத் திரும்புகிறது என்று ஏறும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். சான் ஃப்ரூத்துவோசோவுக்குச் சாலை கிடையாது, படகை விட்டால் மலைப் பாதையில் நடைதான்.